எந்தக் கைக்கும் பொருந்தாத சராசரி

என் கணவர் கையில் மீத்தேன் இருந்தது.

மகள் பள்ளிக்கூடத்துக்குச் சூரியக் குடும்பம் செய்துகொண்டு போனதில் மிஞ்சிய தெர்மாகோல் உருண்டைகள் அவை. பெரிய உருண்டைக்குக் கறுப்பு போஸ்டர் கலர் அடித்து அதைக் கார்பன் ஆக்கியிருந்தேன். சின்ன உருண்டைகள் நான்கும் ஹைட்ரஜன். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள்தான் பிணைப்புகள். கலர் சரியாகக் காயவில்லை. அவர் விரல் நுனியெல்லாம் கறுப்பு.

செய்யாறு ஷூ கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டைகூட மாற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார் குமரன். ஒரு ஹைட்ரஜனைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது, நான்காவது. எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் ஒரே குச்சி. ஒரே ஆழந்தான் குத்திக்கீறே. ஒவ்வொண்ணையும் புடுங்க வேற வேற சக்தி வேணும்னா, அது இன்னா கணக்கு தனம்?"

ரசம் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன். எனக்கும் அதுதான் புரியவில்லை என்று சொன்னேன்.

அந்த ஒரு பேப்பர்

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்ததையும், அதில் இயற்பியல் வேதியியல் பேப்பர் மட்டும் நின்றுபோனதையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் எழுதினேன், போயிற்று. கல்யாணம் ஆன புதிதில் எழுதினேன், போயிற்று. மகள் வயிற்றில் இருந்தபோது பெஞ்சுக்கும் மேசைக்கும் இடையில் உட்காரவே முடியாமல் சாய்ந்து உட்கார்ந்து எழுதினேன். அதுவும் போயிற்று. அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். யார் கேட்டாலும் "பி.எஸ்சி. படிச்சிருக்கேன்" என்பேன். "முடிச்சிருக்கேன்" என்று சொன்னதில்லை. அந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குமரனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆரணியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாணவர் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, மாற்றுச் சான்றிதழ் அடிப்பது, போன் எடுப்பது. அங்கே ஆய்வக உதவியாளராக இருந்த அம்மா ஓய்வுபெறப் போவதாகப் பேச்சு வந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, பட்டம் கையில் இருந்தால் அந்த இடத்தை எனக்கே தருவதாகச் சொன்னார்.

அதே சமயத்தில்தான் பழைய மாணவர்கள் அரியர் எழுத ஒரு சிறப்பு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இனி கிடையாது, இதுவே கடைசி என்றும் சொன்னார்கள். எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாள் "எழுதவில்லை" என்று இருந்தது. இப்போது எழுதித் தோற்றால் "முடியாது" என்று ஆகிவிடும்.

குமரன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார்ந்து அவரே எனக்காக விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தார். சாயங்காலங்களில் மகளையும் சமையலையும் பார்த்துக்கொள்வதற்காகக் கம்பெனியில் கேட்டு ஷிப்டையும் மாற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் விசைத்தறி. கரண்ட் இருக்கும்வரை ஓடும். அது நின்றால் வீடு அமைதியாகும், ஆனால் விளக்கும் மின்விசிறியும் கூடவே நின்றுவிடும். அமைதியும் வெளிச்சமும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் கிடைத்ததே இல்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தேன்.

அடுப்படிக் குழப்பம்

முதல் குழப்பம் வேறு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன்.

பிணைப்பு ஆற்றல் என்றால் பிணைப்புக்குள்ளே அடைத்து வைத்திருக்கும் ஆற்றல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பிணைப்பு உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டும். சிலிண்டரில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுதானே, பற்றவைத்தால் அது உடைகிறது, சூடு வருகிறது, சோறு வேகிறது. கண்ணெதிரே அடுப்பு எரியும்போது இதில் சந்தேகம் எங்கிருந்து வரும்?

புத்தகத்தில் தலைகீழாக இருந்தது. உடைப்பதற்கு நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். அடுப்பில் வாயுவின் பிணைப்புகளும் ஆக்சிஜனின் பிணைப்பும் உடைய ஆற்றல் செலவாகிறது. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உருவாகும்போது அதைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. அந்த மிச்சத்தில்தான் நம் சோறு வேகிறது.

இதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் "இது உடையறதால இல்ல, சேர்றதால" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் மகள் கேட்டுவிட்டு, அம்மா அடுப்புக்கு மந்திரம் சொல்கிறாள் என்று அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

அதைத் தாண்டியதும் சராசரி வந்தது.

நான்கு எண்கள்

மீத்தேனில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். கார்பனுக்கு நான்கு கைகள் என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நான்கு கையும் ஒன்றுபோல. நீளம், கோணம், பலம் எதிலும் வித்தியாசம் கிடையாது.

இப்போது ஒவ்வொரு ஹைட்ரஜனாகப் பிய்த்தால் எவ்வளவு ஆற்றல் வேண்டும்? கிலோஜூல் கணக்கில் முதலாவதற்கு ஏறத்தாழ 439. இரண்டாவதற்கு 462. மூன்றாவதற்கு 424. கடைசிக்கு 338. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 416. இதுதான் மீத்தேனில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் சராசரி ஆற்றல்.

நான்கில் எதுவும் 416 இல்லை.

பள்ளியில் ஒருமுறை கணக்கு டீச்சர் எங்கள் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரின் உயரத்தையும் சுவரில் அளந்து சராசரி போட்டார். பிறகு அந்த உயரத்தில் சுவரில் ஒரு கோடு கிழித்து, இந்த உயரம் யார் என்று கேட்டார். ஒருத்தியும் இல்லை. அப்போது எல்லோரும் சிரித்தோம். ஆனால் அங்கே பெண்கள் நெட்டையும் குட்டையுமாக இருந்தோம், அதனால் சராசரி தேவைப்பட்டது. இங்கே நான்கும் ஒன்றுபோல என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் நான்குக்கும் நான்கு எண் கொடுத்தால் எந்தப் பக்கத்தை நம்புவது?

போதாக்குறைக்கு, புத்தகத்தின் பின்னால் இருந்த அட்டவணையில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புக்கு 413 என்று போட்டிருந்தது. 416 கூட இல்லை. மூன்று எங்கே போயிற்று?

குமரனுக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் மீத்தேனைக் கையில் எடுத்தார். அவர் ஷூ கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிறார். ஷூவின் அடிப்பாகம் மேல்தோலோடு எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்று மெஷினில் மாட்டிப் பிய்த்துப் பார்ப்பார்கள். அதற்குப் பெயரே பாண்ட் டெஸ்ட், பிணைப்புச் சோதனை.

"எங்ககிட்டயும் அப்டிதான். ஒரு மாடலுக்கு ஒரு நம்பர் வரும், இன்னொரு மாடலுக்கு வேற வரும். எல்லாத்தையும் போட்டு ஆவரேஜ் எழுதுவோம். அதுக்குப் போய் பேஜார் ஆவறியே" என்றார்.

"இது செருப்பு இல்லீங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இது ஒரே மாடல், ஒரே ஷூ, அதில் நான்கு இடம் என்று விளக்க முயன்றேன். அவர் எழுந்து கை கழுவப் போனார். கறுப்பு லேசில் போகவில்லை.

தேவிகாபுரம் பஸ்

என்னோடு கல்லூரியில் படித்தவள் ரேணுகா. அவள் எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதி, மேலே படித்து, தேவிகாபுரம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆகிவிட்டாள். அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அன்று அவளுக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் மடியில் மல்லிச் சரத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். அறுத்த வயலும், தூரத்துக் குன்றும், கோயில் கோபுரமும் வரும்வரை நான் நான்கு எண்களையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே போனேன். சில்லறை கொடுத்தபோது கண்டக்டரிடம் "நானூத்திப் பதினாறு" என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னொரு முறை கேட்டார்.

ஆய்வகத்தில் யாரும் இல்லை. ரேணுகா மேசைமேல் டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குப் பாதி புளிசாதம் வைத்தாள். நான் கேள்வியைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அட்டவணைல இருக்கறத எடுத்துப் போடுடி. உடையறதக் கூட்டு, உருவாவறதக் கழி. விடை வந்துடும். பசங்களுக்கும் நான் அதான் சொல்றேன்."

எங்கள் கல்லூரிப் பேராசிரியரும் இதையேதான் சொன்னார், அதைக் கேட்டுத்தான் நான் அத்தனை முறை தோற்றேன் என்றேன். ஏன் நான்கு எண் என்று திரும்பக் கேட்டேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

முகத்தை நிமிர்த்தாமலே சொன்னாள்: "எனக்குத் தெரியாது தனம். இத்தினி வருஷமா ஒரு புள்ளயும் கேக்கல. கேட்டுடப் போவுதுன்னு அந்தப் பக்கத்த மட்டும் ஜல்தியா முடிச்சிட்டுப் போயிடுவேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு நாள் என்னை மட்டும் மக்கு என்று நினைத்திருந்தேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் கூடியது. அவளுக்கோ என்மேல் கோபம். "நீ பரீட்சைக்குப் படிக்க வந்தியா, என்னை டெஸ்ட் பண்ண வந்தியா?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். அவள் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் அணு மாதிரிகள் இருந்த டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "உக்காரு" என்றாள்.

மீத்தேன் ஒன்றைக் கோத்து, அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கழற்றினோம். மிச்சமிருந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "இது பேரு இன்னா இப்ப?" என்று கேட்டாள். மெத்தில் என்றேன். மீத்தேன் இல்லை. மெத்தில் மீத்தேனைப்போலக் கூம்பாக நிற்காது, தட்டையாகப் படுத்துவிடும் என்று அவள் எம்.எஸ்சி.யில் படித்தது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லும்போதே அவள் குரல் மெதுவாயிற்று.

அதாவது, முதல் ஹைட்ரஜன் போகும்வரைதான் நான்கு கையும் சமம். அது போனதும் மிச்சம் வேறு ஒரு பொருளாக மாறி, தன்னைத் திருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதாக நாம் பிய்ப்பது மீத்தேனிலிருந்து இல்லை, மெத்திலிலிருந்து. மூன்றாவது இன்னொன்றிலிருந்து. நான்கு சமமான கைகளை நாம் ஒருபோதும் வரிசையாகப் பிய்ப்பதே இல்லை. முதல் பக்கமும் பொய் இல்லை, அடுத்த பக்கமும் பொய் இல்லை.

மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஆனால் அந்த 413 என்ன என்று கேட்டேன். அது அவளுக்கும் தெரியவில்லை.

இரண்டாவது சராசரி

அது எனக்குத் துணி காயப்போடும்போது தோன்றியது. குமரனின் கம்பெனிச் சட்டையை உதறிக்கொண்டிருந்தேன். ஒரு மாடலுக்கு ஒரு நம்பர், இன்னொரு மாடலுக்கு வேறு என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது.

ஈத்தேனிலும் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. புரப்பேனில் உண்டு, எத்திலீனில் உண்டு. ஒவ்வொன்றிலும் அதன் பலம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. அப்படிப் பல மூலக்கூறுகளில் கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் போட்ட சராசரிதான் அட்டவணையில் இருக்கிறது. 416 மீத்தேனுக்கு மட்டும் உரியது. 413 பொதுவானது. சராசரி என்ற ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தன, நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

நான்கு கைகளைப் பற்றிய என் கேள்விக்கு அவர் சொன்னது பதில் இல்லை. நான் பிறகு கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு அது பதிலாக இருந்தது.

குமரன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து காபி குடிக்கும்வரை காத்திருந்து, நீங்கள் அன்று சொன்னது சரிதான் என்றேன். எதைச் சொல்கிறாய் என்று கேட்டார். ஷூ ஆவரேஜ் என்றேன். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டேன். "இல்ல. ஆனா உனுக்குப் புரிஞ்சிடுச்சின்னு தெரியுது" என்றார்.

தேர்வுக் கூடம்

கூடத்தில் என் வயதில் சிலர் இருந்தார்கள். தலை நரைத்த ஒருவர்கூட இருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கேள்வி வந்திருந்தது. எத்திலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆகும் வினைக்குப் பிணைப்பு ஆற்றல்களைக் கொண்டு வெப்ப மாற்றம் கணக்கிடுக. எண்கள் கொடுத்திருந்தார்கள். உடைவது இது, உருவாவது இது என்று எழுதிக் கழித்தேன். மைனஸ் 123 வந்தது. கேள்வித்தாளில் ஓரமாக மைனஸ் 137 என்று ஒரு எண் கண்ணில் பட்டது. சோதனையில் கிடைத்த மதிப்பாம்.

அவ்வளவுதான். என் விடை தப்பு என்றே முடிவு செய்துவிட்டேன். அடித்துவிட்டு மறுபடி போட்டேன். 123. ஹைட்ரஜன் பிணைப்பை விட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். விடவில்லை. இன்னொரு பக்கத்தில் முதலிலிருந்து போட்டேன். 123தான். வெளியே எங்கோ பேருந்து ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார முடியாமல் சாய்ந்து எழுதிய அந்தப் பழைய தேர்வின் வியர்வை திரும்ப வந்தது. இந்த முறையும் இதே இடத்தில்தான் தோற்கப்போகிறேன் என்று உறுதியாகிவிட்டது.

பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். குடித்துக்கொண்டே கேள்வியைப் பார்த்தேன். அதற்கு இன்னொரு வரி இருந்தது. நான் படிக்கவே இல்லை. உங்கள் விடை சோதனை மதிப்போடு ஏன் ஒத்துப்போகவில்லை, காரணம் கூறுக.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு எழுதினேன். அட்டவணை எண்கள் பல மூலக்கூறுகளின் சராசரி, இந்த எத்திலீனுக்கும் இந்த ஈத்தேனுக்கும் உரியவை அல்ல. ஆகையால் விடை நெருங்கி வருமே தவிர அப்படியே வராது என்று எழுதினேன். நிறுத்த முடியவில்லை. மீத்தேனின் நான்கு எண்களையும் எழுதினேன், மெத்தில் தட்டையாக இருப்பதையும் எழுதினேன். யாரும் அதைக் கேட்கவில்லை. அதற்குள் நேரம் போய், கடைசிக் கேள்வியைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

சந்தோஷமாக வெளியே வந்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்ததை எழுதினேனா, தெரிந்ததைக் காட்டிக்கொள்ளத் தேர்வைக் கெடுத்தேனா என்று புரியாமலேதான் ஆரணி பஸ் ஏறினேன்.

வந்து சேர்ந்தது

முடிவு வரப் பல மாதங்கள் ஆயின. வந்த அன்று நான் அலுவலகத்தில் போன் பேசிக்கொண்டிருந்தேன். குமரன் கம்பெனியிலிருந்தே பார்த்துவிட்டு, பாஸ் என்று ஒரே சொல் அனுப்பியிருந்தார். எதிர்முனையில் ஒரு தாயார் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டேன்.

முதல்வர் வாக்கைக் காப்பாற்றினார். இப்போது ஆய்வகம் என் பொறுப்பு.

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். அவள் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே வேறு ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். இந்த வருடம் அந்தப் பக்கத்தை அவள் அவசரமாக முடிக்கவில்லையாம். நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, மீத்தேன், மெத்தில் என்று நிதானமாக நடத்தியிருக்கிறாள். முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறாள்: முதலாவதைப் பிய்த்ததும் பலவீனமாகத்தானே ஆக வேண்டும், இரண்டாவதற்கு மட்டும் ஏன் இன்னும் அதிக ஆற்றல் வேண்டியிருக்கிறது?

"நீ இன்னா சொன்னே?"

"தெரியலம்மான்னு சொன்னேன். கேட்டுட்டு வரேன்னு சொன்னேன். உனுக்குத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் அன்று அதைப் பார்த்தோம், இரண்டாவது எண் பெரிது என்பதும் கண்ணில் பட்டது, ஆனால் ஏன் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கும் தெரியலடி" என்றேன்.

"சனிக்கிழமை பஸ் ஏறிடு" என்றாள்.